தவணைப் பரீட்சைப் பேப்பர் கையில வந்த பிறகு அதை வச்சு என்ன செய்யிறது?

நிரோ_வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். மகன் தரம் 8, தமிழ் மீடியம். ரெண்டாந் தவணைப் பேப்பரெல்லாம் திருத்திக் குடுத்திட்டினம். கணக்குக்கு 47. பேப்பரை விரிச்சுப் பாத்தா சிவப்புப் பேனையால சரி, பிழை, பக்கத்தில புள்ளி, முன்பக்கத்தில மொத்தத்துக்கு ஒரு வட்டம், அவ்வளவுதான். பேரன்ட்ஸ் மீட்டிங்கில கேட்டன், "பயிற்சி காணாது, கூடச் செய்ய விடுங்கோ" எண்டா டீச்சர். எதில பயிற்சி காணாது எண்டு கேட்டன், "பொதுவா எல்லாத்திலயும்" எண்டா. எனக்குப் பின்னால ஒரு பெரிய லைன் நிக்குது, அந்த மனுசியையும் குறை சொல்லேலாது.

வீட்ட வந்தா மாமி கேட்ட முதல் கேள்வி "வகுப்பில எத்தினையாம் பிள்ளை?" 19-ஆம் பிள்ளை எண்டு சொன்னன். அதோட அந்தக் கதை முடிஞ்சுது. பேப்பர் இப்ப மேசை லாச்சிக்குள்ள கிடக்கு, போன தவணைப் பேப்பரும் அங்கதான் கிடக்கு. ரெண்டு கிழமை பாடம் நிப்பாட்டி, பிள்ளையள் நித்திரை முழிச்சு, டீச்சர்மார் வீட்ட கொண்டுபோய்த் திருத்தி, கடைசியில மிஞ்சினது ஒரு நம்பர். இந்தப் பேப்பரால பிள்ளை ஏதாவது படிக்க வழி இருக்கோ? இருந்தா வீட்டில நான் என்ன செய்யலாம்? கணக்கு எனக்கு தரம் 11 ஓ.எல் பரீட்சையோட சரி, அதையும் சொல்லிப்போட்டன்.

காலிரோட்_அப்பா

அக்கா, 47-ன்னா 47 தான், அதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? நல்ல கிளாஸ் ஒண்ணுல சேருங்க. வெள்ளவத்தையில லேனுக்கு ஒரு மெட்ஸ் கிளாஸ் இருக்கு. என்னோட மகளுக்கும் தரம் 7-ல 50-க்கு கீழதான் வந்துச்சு, கிளாஸ் போட்டோம், இப்ப 70-க்கு மேல எடுக்குறா. டீச்சர் கமென்ட் எழுதலைன்னு கவலைப்படாதீங்க, யாருக்கும் எழுதுறதில்ல. ரேங்க் தெரிஞ்சாத்தான் புள்ளைக்கும் ஒரு ரோசம் வரும்.

பழைய_சோக்கட்டி

தங்கச்சி, லாச்சிக்குள்ள இருக்கிற பேப்பரை வெளியில எடுங்கோ. நான் முப்பது வருசத்துக்கு மேல கணக்குப் படிப்பிச்சவன், இப்ப பென்சன்ல கொழும்பில மகளோட இருக்கிறன், பொழுது போக்கு இந்த ஃபோரம்தான்.

47 எண்டு சொன்னா எனக்கு ஒண்டும் தெரியாது. 53 புள்ளி எங்க போனது எண்டு சொன்னா நிறையத் தெரியும். பிழை விட்ட இடங்களில பிள்ளை என்ன எழுதினவன் எண்டதை அப்பிடியே இஞ்ச போடுங்கோ, சரியான விடை தேவையில்லை. வெறுமையா விட்ட கேள்வியையும் சொல்லுங்கோ. ஆனா ஒரு விசயம், போட முதல் பிள்ளையை இருத்தி "இதில என்ன யோசிச்சனி?" எண்டு கேளுங்கோ. ஏசாமக் கேளுங்கோ. "ஏன் இப்பிடிப் பிழை விட்டனி" எண்டு கேட்டா "தெரியா" எண்டுதான் வரும்.

காலிரோட் தம்பிக்கு: கிளாசுக்கு அனுப்பிறது பிழை எண்டு நான் சொல்லேல்ல. என்ன வருத்தம் எண்டு தெரியாம மருந்து குடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நிரோ_வெள்ளவத்தை

ஸேர் நன்றி. நேற்றிரவு அவனோட இருந்து பாத்தன். எல்லாத்தையும் போடேல்ல, கண்ணில பட்டதை மட்டும் போடுறன்.

−3 − 5 = 8 எண்டு எழுதியிருக்கிறான்.
(−4) + (−2) = 6
அடைப்புக்குறி நீக்கச் சொன்னதில 2(எக்ஸ் + 3) = 2எக்ஸ் + 3
2எக்ஸ் + 5 = −3 எண்ட சமன்பாட்டில 2எக்ஸ் = −3 − 5, பிறகு 2எக்ஸ் = 8, எக்ஸ் = 4. முழுக்க வெட்டியிருக்கு, 5-க்கு 1.
நீளம் எக்ஸ் + 3, அகலம் 2 எண்டு ஒரு செவ்வகம், சுற்றளவு கேட்டது. 2எக்ஸ் + 7 எண்டு வந்திருக்கு.
முக்கோணத்தில கோணம் 70 எண்டு படத்தில போட்டிட்டு விடையில 7 எண்டு எழுதியிருக்கிறான். (எனக்கு வந்த கோவம்!)
கடைசி மூண்டு கேள்வியும் வெறுமை. சதவீதம், வட்டவரைபு, இன்னொண்டு.

கேட்டதுக்கு அவன் சொன்னது, "ரெண்டு மைனஸ் வந்தா பிளஸ் ஆகும் எண்டு டீச்சர் சொன்னவ." வெறுமையா விட்டது தெரியாமலில்லையாம், நேரம் காணாதாம்.

பழைய_சோக்கட்டி

பாத்தீங்களோ, உங்கட பிள்ளைக்கு "எல்லாத்திலயும்" பிரச்சினை இல்லை.

முதல் ரெண்டும் ஒரே வருத்தம். "ரெண்டு மைனஸ் பிளஸ்" எண்டது பெருக்கேக்கயும், ஒரு மறை எண்ணைக் கழிக்கேக்கயும் வாற விதி. அவன் அதைக் கூட்டலுக்கும் கொண்டு வந்திட்டான். அக்கறையில்லாம விட்ட பிழை இல்லை அது, விதியை நம்பி ஒழுங்காப் பாவிச்சிருக்கிறான், இடம்தான் மாறிப்போச்சு. இப்ப சமன்பாட்டைப் பாருங்கோ. 5-ஐ அங்கால கொண்டுபோனது சரி, 2-ஆல பிரிச்சது சரி. −3 − 5 எண்ட அதே இடத்திலதான் விழுந்தவன். ஆகச் சமன்பாடு அவனுக்குத் தெரியும்! அதில நூறு பயிற்சி செய்ய விட்டாலும் நூறிலயும் அதே இடத்தில விழுவான்.

மற்றது அடைப்புக்குறி. வெளியில நிக்கிற 2-ஆல முதலாவதை மட்டும் பெருக்கிறான். செவ்வகத்திலயும் அதேதான், 2எக்ஸ் + 3, அதோட 4, கூட்டினா 2எக்ஸ் + 7. 2எக்ஸ் + 10 வரவேணும். சுற்றளவு எப்பிடிக் காணுறது எண்டு அவனுக்கு விளங்கியிருக்கு.

அந்த 70, 7 எழுத்துப் பிழை, விடுங்கோ. வெறுமையா விட்ட மூண்டையும் இண்டைக்கு நேரம் வைக்காமச் செய்ய விட்டுப் பாருங்கோ. செய்தான் எண்டா அது நேரப் பிரச்சினை, செய்யாட்டி பாடப் பிரச்சினை, ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

இப்ப மைனசுக்கு ஒரு வழி. உங்கட ஃபிளட்டில கீழ பார்க்கிங் இருக்குத்தானே, லிஃப்டில −1, −2 எண்டு பட்டன் இருக்கும். −3-இல நிக்கிற ஆள் இன்னும் 5 மாடி கீழ போனா எங்க நிப்பான் எண்டு கேளுங்கோ. விதியை வாயில சொல்லிக் குடுக்க வேண்டாம். ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா ரெண்டே ரெண்டு கணக்கு, அவ்வளவு காணும்.

காலிரோட்_அப்பா

ஸேர், இது நல்லா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா உங்களுக்கு ஒரு புள்ளையோட பேப்பர். ஸ்கூல்ல நாப்பது புள்ளை, ஒரு டீச்சருக்கு அஞ்சாறு கிளாஸ். எல்லாரோட பேப்பரையும் இப்படி வாசிக்கச் சொன்னா அந்த மனுசங்க வீட்டுல சோறு சமைக்க வேணாமா?

தெமட்டகொட_டீச்சர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மேல காலிரோட் நானா கேட்டது எங்கட வாயிலிருந்து வர வேண்டிய கேள்வி :) நான் தரம் 6-க்கு மெட்ஸும் சயன்ஸும் எடுக்கிறேன், ஒரு வகுப்பில 41 புள்ளைகள். எல்லாப் பேப்பருக்கும் கமென்ட் எழுதவே ஏலாது, எழுதவும் மாட்டேன், உண்மையச் சொல்றேன்.

நான் செய்றது வேற. பாடம் முடிய அஞ்சு நிமிசம் இருக்கிற நேரம் போர்டில ஒரு கேள்வி எழுதுவேன். புள்ளைகள் கொப்பித் தாள்ல கால்வாசி கிழிச்சு, பேரும் விடையும் எழுதி மேசையில வச்சிட்டுப் போகணும். புள்ளி இல்ல, திருத்துறதும் இல்ல. ஸ்டாஃப் ரூம்ல பிளேன்டீ குடிக்கிற நேரம் மூணு குவியலாப் பிரிப்பேன். வெளங்கினவங்க, ஒரே மாதிரிப் பிழை விட்டவங்க, என்ன செய்றாங்கண்டே தெரியாதவங்க. நடுக் குவியல்தான் எனக்குத் தேவையானது. அடுத்த நாள் பாடம் அதிலிருந்துதான் தொடங்கும். மூணாவது குவியல்ல மூணு நாலு பேர்தான் வருவாங்க, அவங்கள இன்டர்வல்ல கூப்பிட்டா போதும்.

கேள்விய யோசிச்சுப் போடணும், அதிலதான் முழு வேலையும். தசமத்தில நான் பட்டதச் சொல்றேன். 0.4, 0.35, 0.128 இந்த மூணையும் சின்னதிலிருந்து பெரிசுக்கு எழுதச் சொன்னா நிறையப் புள்ளைகள் 0.4, 0.35, 0.128 எண்டு அப்பிடியே எழுதும். ஏனெண்டா 4, 35, 128 எண்டு முழு எண்ணா வாசிக்குது. இது எல்லா டீச்சர்மாருக்கும் தெரிஞ்ச பிழை. ஆனா இன்னொரு கூட்டம் இருக்கு. நீளமான தசமம் எண்டா ஆயிரத்தில் ஒண்டு, அப்ப அது குட்டியாத்தான் இருக்கணும் எண்டு நினைக்கிற புள்ளைகள். அதுகள் 0.128, 0.35, 0.4 எண்டு எழுதும். சரியான விடை! நாங்களும் சரி போட்டுட்டுப் போயிருவோம். அதே புள்ளைக்கிட்ட 0.2, 0.37 ரெண்டில எது பெரிசு எண்டு கேட்டா 0.2 எண்டு சொல்லும். அதால இப்ப நான் இந்த ரெண்டு கேள்வியையும் சேர்த்துத்தான் போடுறேன். மெல்பேர்ன் யுனிவர்சிட்டியில கேய் ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி எண்டு ரெண்டு பேர் இந்தத் தசமப் பிழைகள வகை வகையாப் பிரிச்சு வச்சிருக்காங்க, ட்ரெய்னிங்ல ஒரு லெக்சரர் காட்டினவர், அதிலிருந்துதான் எனக்கு இது பிடிபட்டது.

இன்னொண்டு, இதுக்குத் தாளும் தேவையில்ல. கேள்வி கேட்டுட்டு வாய மூடிட்டு நிக்கணும். மேரி பட் ரோ எண்ட அமெரிக்கக்காரி 1970-கள்ல வகுப்புகள டேப் பண்ணிப் பாத்தவ, டீச்சர்மார் கேள்வி கேட்டு ஒரு செக்கன் கூடப் பொறுக்கிறதில்லையாம். மூணு செக்கன் பொறுத்தாலே விடை நீளமா வருதாம், வழமையா வாயே திறக்காத புள்ளைகளும் கதைக்குதாம். செஞ்சு பாருங்க, மூணு செக்கன் எவ்வளவு நீளம் எண்டு அப்பத் தெரியும்.

காலிரோட்_அப்பா

டீச்சர் உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா நான் ஏன் கிளாசுக்கு மாசம் மாசம் அழுறேன். சரி, ஆனா நெசத்தப் பேசுவோம். இந்த நாட்டுல புள்ளை எங்க போகுதுன்னு முடிவு பண்றது மூணு பரீட்சை. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்சிப், ஓ.எல், அப்புறம் தரம் 13-ல ஏ.எல். ஏ.எல்-ல அதுவும் 2001-ல இருந்து இசட் ஸ்கோர், அதாவது நீ எத்தன எடுத்தங்கிறத விட மத்தவன விட எவ்வளவு கூட எடுத்தங்கிறதுதான் கணக்கு. யுனிவர்சிட்டியில "இந்தப் புள்ளை மைனஸ வெளங்கிக்கிட்டான்"னு சொல்லி இடம் குடுக்க மாட்டாங்க. அப்ப சின்ன வயசுலயே போட்டிக்குப் பழக்குறதுல என்ன பிழை?

கொட்டாஞ்சேனை_பொடியன்

காலிரோட் அங்கிள், நான் ஏ.எல் முடிச்சு இப்ப கெம்பஸ்ல இருக்கேன், பயோ. நீங்க சொல்ற போட்டிக்குள்ள இருந்து வந்தவன்ங்கிறதால சொல்றேன். பரீட்சைய எதுக்கு யூஸ் பண்றோம்ங்கிறதுதான் வித்தியாசம். ரேங்க் போட ஒரு பரீட்சை, படிக்கிறதுக்கு ஒரு பரீட்சை, ரெண்டும் வேற வேற. பாஸ்ட் பேப்பர் செய்றதுன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா எங்க பெட்ச்ல பாதிப்பேர் செஞ்சது என்னன்னா பேப்பர எடுக்கிறது, ரெண்டு நிமிசம் யோசிக்கிறது, மார்க்கிங் ஸ்கீம பாக்கிறது, "ஆ இது தெரியும்"னு அடுத்த கேள்விக்குப் போறது, அப்படியே பத்து வருசப் பேப்பர் முடிச்சாச்சுன்னு வேற சொல்லிக்கிறது. அது வாசிக்கிறது, செய்றது இல்ல.

ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் 2006-ல ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க, அமெரிக்காவுல வாஷிங்டன் யுனிவர்சிட்டி, சென்ட் லூயிஸ்ல. ஸ்டூடன்ஸுக்கு ஒரு சின்னப் பந்தி வாசிக்கக் குடுத்து, ஒரு பகுதிக்கு அதையே திரும்ப வாசிக்கச் சொன்னாங்க, இன்னொரு பகுதிக்குப் பாக்காம ஞாபகம் இருக்கிறத எழுதச் சொன்னாங்க. அஞ்சு நிமிசம் கழிச்சுக் கேட்டா திரும்ப வாசிச்சவங்களுக்கு 81 வீதம், எழுதினவங்களுக்கு 75. ஆனா ஒரு கிழமைக்குப் பிறகு வாசிச்சவங்க 42-க்கு விழுந்துட்டாங்க, எழுதினவங்க 56. இதுல வேடிக்க என்னன்னா எழுதிப் பாத்தவங்களுக்கு யாரும் திருத்திக் குடுக்கவே இல்ல, சும்மா ஞாபகத்தத் தோண்டி எடுத்ததுக்கே அந்த வித்தியாசம். பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி நோட்ஸ வாசிக்கிறப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கிறதுக்கு இதுதான் காரணம்.

அப்புறம் நிறையப் பேருக்குத் தெரியாத ஒண்ணு. பத்தரமுல்லப் பக்கம் பெலவத்தையில இருக்கிற பரீட்சைத் திணைக்களம் ஓ.எல், ஏ.எல் பாடங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கைன்னு ஒரு புத்தகம் போடுது. புள்ளித் திட்டம் மட்டும் இல்ல, எந்தக் கேள்விய எத்தன வீதம் பேர் தெரிவு செஞ்சாங்க, எதுல அடிபட்டாங்க, என்ன மாதிரிப் பிழை விட்டாங்கன்னு எழுதியிருக்கும், தமிழ்லயும் வருது. ஏ.எல்-ல ரெண்டாந்தரம் செய்யிறப்பதான் ஒரு ஸேர் அதக் காட்டினாரு. மொதத் தரமே பாத்திருந்தா ஒரு வருசம் மிச்சம்.

தெஹிவளை_மாஸ்டர்

டியூசன் மாஸ்டர் பக்கத்தாலயும் ஒருத்தர் பேச வேணும்தானே. என்ர ஓ.எல் கிளாசில நூத்தம்பது பேர் இருக்கினம், மைக்கிலதான் படிப்பிக்கிறன். கிழமைக்கு ஒரு பேப்பர் வைக்கிறன். நான் திருத்திறேல்ல. ஸ்கீமைக் கையில குடுத்து அவையளையே பச்சைப் பேனையால திருத்த விடுறன், ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில காரணம் எழுத வேணும். "கவனயீனம்" எண்டு எழுதினா ஏற்க மாட்டன், எல்லாரும் அதைத்தான் முதல் எழுதுவினம். "கேள்வியில கிடைத்தூரம் கேட்டது, நான் சாய்தூரத்தைக் கண்டனான்" எண்டு எழுத வேணும்.

ஆனா உண்மையைச் சொல்லப்போனா அம்மா அப்பா வந்து கேக்கிறது "முதலாவதா வந்தது ஆர்?" எண்டுதான். லீடர் போர்ட் ஒண்டு கதவில ஒட்டாட்டி "இந்த மாஸ்டர் பொடியளைக் கவனிக்கிறேல்ல" எண்டு பக்கத்து லேனுக்கு மாறிப் போகினம். நான் ஒட்டுறன். முதல் பத்துப் பேருக்கு அது நல்லதுதான். நூறாவது ஆளுக்கு அதில என்ன இருக்கு எண்டு எனக்கே தெரியேல்ல.

பழைய_சோக்கட்டி

மாஸ்டர், அந்தப் பச்சைப் பேனை அருமை. "கவனயீனம்" ஏற்கமாட்டன் எண்டதுதான் அதில சங்கதி.

லீடர் போர்ட் பற்றி. ரூத் பட்லர் எண்ட இஸ்ரேல் ஆய்வாளர் 1988-ல ஒரு வேலை செய்தவ. பள்ளிக்கூடப் பிள்ளையளை மூண்டாப் பிரிச்சு ஒரு பகுதிக்குப் புள்ளி மட்டும், இன்னொண்டுக்குக் குறிப்பு மட்டும், மூண்டாவதுக்குப் புள்ளியும் குறிப்பும். எல்லாரும் மூண்டாவதுதான் நல்லா வரும் எண்டு நினைப்பம். குறிப்பு மட்டும் கிடைச்ச பிள்ளையள்தான் முன்னேறினவை. புள்ளியையும் சேத்துக் குடுத்தவை, புள்ளி மட்டும் வாங்கினவை மாதிரித்தான் நிண்டினம். ஏன் எண்டு நாங்களே கண்டிருக்கிறம்தானே: பேப்பரை வாங்கின உடன பிள்ளை நம்பரைப் பாக்கும், பிறகு பக்கத்துப் பிள்ளையின்ர நம்பரைப் பாக்கும், பேப்பர் மடிபடும். நீங்க இராத்திரி இருந்து எழுதின குறிப்பை ஆரும் வாசிக்கிறேல்ல.

அதுக்காகக் குறிப்பு எழுதினாலே நல்லது எண்டும் இல்லை. குளூகர், டினீசி எண்ட ரெண்டு பேர் 1996-ல பழைய ஆய்வுகளை எல்லாம் ஒண்டாக்கிப் பாத்தவை. சராசரியில பலன் இருக்கு. ஆனா மூண்டில ஒரு பங்குக்கு மேல, பின்னூட்டல் குடுத்த பிறகு செய்கை கீழ போயிருக்கு! வேலையைப் பற்றிச் சொன்னா உதவுது, ஆளைப் பற்றிச் சொன்னா கெடுக்குது. "நீ கெட்டிக்காரன்", "நீ கவனமில்லாதவன்" ரெண்டும் ஒரே குப்பைதான். "2-ஐ உள்ளுக்க இருக்கிற ரெண்டாலயும் பெருக்கிப் பார்" எண்டு சொன்னா பிள்ளைக்கு உடன செய்ய ஒரு வேலை இருக்கு.

நான் படிப்பிச்ச காலத்தில பேப்பரைப் புள்ளி போடாமக் குடுத்து, ஒரு பாட நேரம் முழுக்கத் திருத்த விட்டு, அடுத்த நாள்தான் புள்ளியைச் சொல்லுவன். பொடியள் கத்துவாங்கள். அதிபரும் ஒருக்கா கூப்பிட்டு விசாரிச்சவர், ஏன் புள்ளிப் பதிவு பிந்துது எண்டு.

காலிரோட்_அப்பா

இஸ்ரேல்லயும் அமெரிக்காவுலயும் சரி. போட்டியில ஊறின ஆசிய நாடு ஒண்ணுல செஞ்சு காட்டட்டும் பாப்போம்.

கொட்டாஞ்சேனை_பொடியன்

சிங்கப்பூர் அங்கிள். 2019-ல இருந்து அங்க ரிப்போர்ட்ல வகுப்புல எத்தனையாம் புள்ளைன்னு போடுறதில்ல. பிரைமரி 1, 2-க்குப் பரீட்சையையே எடுத்துட்டாங்க. நம்மள விட அங்க டியூசன் வெறி கூடன்னுதான் சொல்லணும், அங்கயே செஞ்சாங்க. டியூசன் அதால குறைஞ்சிச்சான்னு கேட்டா அது வேற கதை.

நிரோ_வெள்ளவத்தை

நல்லாப் போகுது இழை. நான் இடையில இன்னொரு விசயம் கேக்கலாமோ? பள்ளிக்கூடத்தில பாடசாலை மட்டக் கணிப்பீடு எண்டு ஒண்டு இருக்குத்தானே, தவணைப் பரீட்சை மட்டும் காணாது, பிள்ளை படிக்கேக்கயே பாக்க வேணும் எண்டுதானே அதைக் கொண்டு வந்தவை? எங்கட வீட்டுக்கு வாறது ஒப்படை. "டெங்கு பற்றி ஒரு சிறுநூல் தயாரிக்க", "இலங்கையின் நீர்வீழ்ச்சிகள் படத்துடன்". அவன் காலி வீதியில கொமியூனிகேசன் கடைக்குப் போறான், கடைக்காரப் பொடியனிட்ட ரெடியா ஃபைல் இருக்கு, தரம் சொன்னாப் போதும், கலர் பிரின்ட், ஸ்பைரல் பைண்டிங். அட்டையில மகன்ர பேர் மட்டும் கையெழுத்து. அதுக்கு "மிக நன்று" எண்டு வந்தது. ஆருக்கு மிக நன்று எண்டு எனக்கு விளங்கேல்ல, கடைக்காரனுக்கோ?

தெமட்டகொட_டீச்சர்

ஹா ஹா நிரோ அக்கா, அந்தக் கடைக்காரர் எல்லா ஏரியாவிலயும் ஈக்கிறார்.

ஆனா அந்தத் திட்டத்த முழுசாக் குப்பை எண்டு சொல்ல மாட்டேன். 1997 சீர்திருத்தத்தோட வந்தது அது, நோக்கம் நல்லம். 2007-ல தேர்ச்சி மையப் பாடத்திட்டம் வந்த நேரம் மகரகம தேசிய கல்வி நிறுவகம் அடிச்ச ஆசிரியர் வழிகாட்டியில ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் கணிப்பீட்டு நியதி, அதாவது எதையெதப் பாத்து வேலைய மதிக்கணும் எண்டு போட்டிருந்தாங்க, வகுப்புக்குள்ள புள்ளை வேலை செய்ற நேரமே பாக்கிறதுக்கு. நடந்தது என்னெண்டா ஃபோர்ம். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒவ்வொரு நியதிக்கும் கட்டம் கட்டமா நம்பர் நிரப்பணும், மேலிருந்து வாறவங்க பாக்கிறதும் அந்த ஃபோர்ம் நிரம்பியிருக்கா எண்டுதான். அதப் பாத்து ஒரு டீச்சர் நாளைக்குப் பாடத்த மாத்தினாவா எண்டு யாரும் கேக்கிறதில்ல. 41 புள்ளைக்கு நம்பர் நிரப்பிற நேரத்தில நான் நாலு கேள்வி போட்டு நாலு குவியல் பிரிச்சிருவேன்.

ஒப்படைக்கு ஒரு சின்ன வழி கண்டுபிடிச்சிருக்கேன். வீட்டுக்குக் குடுக்கிறதில்ல, வகுப்பிலேயே ரெண்டு பாடவேளை. தொடங்க முன்னம் போன வருசப் புள்ளைகளின்ட பழைய வேலை ரெண்ட, பேர் மறைச்சு, நடுவில வச்சு "இதில எது நல்லம், ஏன்?" எண்டு கேப்பேன். அதுகளே சொல்லும், "இவர் படம் கீறியிருக்கார், ஆனா ஏன் நுளம்பு வருது எண்டு சொல்லல்ல" எண்டு. அந்தக் காரணங்களப் போர்டில எழுதினா அதுதான் எங்கட நியதி, ஃபோர்ம்ல இருக்கிறத விட நல்ல தமிழ்லயும் இருக்கும்.

காலிரோட்_அப்பா

டீச்சர், சும்மா வம்புக்குக் கேக்கல. சயன்ஸ்ல ஒரு கேள்வி போடுங்க, நாங்க எல்லாம் பெரிய ஆக்கள்தானே, நாங்க சொல்ற விடைய வச்சு நீங்க எப்படிக் குவியல் பிரிப்பீங்கன்னு பாப்போம்.

தெமட்டகொட_டீச்சர்

சரி. விகாரமகாதேவிப் பார்க்ல பெரிய மரங்கள் நிக்குதே. அதில ஒண்டு விதையா இருந்த நேரம் சில கிராம், இப்ப பல தொன். அந்த எடை பெரும்பாலும் எங்கிருந்து வந்தது? கூகிள் பண்ணாமச் சொல்லுங்க. ஏன் எண்டும் சொல்லணும்.

காலிரோட்_அப்பா

மண்ணுல இருந்து. வேர் உறிஞ்சுதே, பசளை போடுறதே அதுக்குத்தானே.

தெஹிவளை_மாஸ்டர்

தண்ணி.

நிரோ_வெள்ளவத்தை

மண்ணும் தண்ணியும். வெயிலும் எண்டு நினைக்கிறன், ஒளித்தொகுப்பு எண்டு படிச்சனாங்கள்.

கொட்டாஞ்சேனை_பொடியன்

நான் சொல்லக் கூடாது, பயோ.

தெமட்டகொட_டீச்சர்

இந்தக் கேள்விக்குக் குவியல் விடைய வச்சுத்தான்: மண் எண்ட நானா ஒரு குவியல், தண்ணி எண்ட மாஸ்டர் இன்னொண்டு, ஒளித்தொகுப்பு எண்ட நிரோ அக்கா வேறொண்டு. குறை நினைக்காதீங்க, இதே கேள்விய டீச்சர்மாருக்குக் கேட்டாலும் இதே குவியல்தான் விழும்.

மண் எண்டவங்களுக்கு நான் சொல்றது 1648-ல அச்சில வந்த ஒரு கதை. வான் ஹெல்மொன்ட் எண்ட ஒருத்தர் 200 இறாத்தல் காஞ்ச மண்ணச் சட்டியில போட்டு, 5 இறாத்தல் வில்லோக் கன்று ஒண்ட நட்டு, 5 வருசம் தண்ணி மட்டும் ஊத்தினவர். மரம் 169 இறாத்தலாப் போச்சு. மண்ணத் திரும்பக் காயவச்சு நிறுத்தா குறைஞ்சது ரெண்டு அவுன்ஸ் அளவுதான். அப்ப மண் இல்ல. அவர் தண்ணி எண்டு முடிவெடுத்தவர், மாஸ்டர் மாதிரி. தண்ணியும் ஒரு பங்குதான், ஆனா மரத்தக் காயவச்சா மிஞ்சுற எடையில பெரும்பங்கு காத்திலிருக்கிற காபனீரொட்சைட்டிலிருந்து வந்தது. நிரோ அக்கா ஒளித்தொகுப்பு எண்ட சொல்லச் சரியாச் சொன்னீங்க, பரீட்சையில அதுக்குச் சமன்பாடும் எழுதி முழுப்புள்ளியும் எடுப்பீங்க, ஆனா வெயிலுக்கு எடையில்லயே. சமன்பாட்டில காபனீரொட்சைட்டு எண்டு எழுதின அதே கை மரம் மண்ணச் சாப்பிட்டு வளருது எண்டு நம்பும். அதக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கேள்வி.

காலிரோட்_அப்பா

நான் இன்ஜினியரிங் படிச்சவன். இத வீட்டுல சொல்ல வேணாம்னு இருக்கேன். :)

ஆனா ரேங்க் விசயத்துல நான் மாறல. புள்ளைக்கு உலகம் எப்படின்னு தெரியணும். வேணும்னா மாஸ்டர் ஓ.எல் வருசத்துல மட்டும் லீடர் போர்ட் ஒட்டட்டும், தரம் 6, 7-க்கு வேணாம், அவ்வளவு தூரம் இறங்கி வாறேன்.

நிரோ_வெள்ளவத்தை

சோக்கட்டி ஸேருக்கு ஒரு அப்டேற். வெறுமையா விட்ட மூண்டையும் நேரம் வைக்காமச் செய்ய விட்டன். சதவீதமும் வட்டவரைபும் செய்திட்டான், மற்றது தெரியேல்ல. லிஃப்ட் கதையை முதல் சிரிச்சான், பிறகு பிடிச்சிட்டான். அடைப்புக்குறி இப்ப சரி. இண்டைக்குக் குடுத்த கணக்கில −2 − 6 = −8 சரி. (−7) + (−1) = −8 சரி. ஆனா புத்தகத்தில இருந்து ஒண்டு எடுத்துப் போட்டன், 4 − (−3). 1 எண்டு எழுதியிருக்கிறான். முந்தி இதைச் சரியாச் செய்தவன் ஸேர், பேப்பரில இதே மாதிரி ஒண்டுக்குச் சரி விழுந்திருக்கு! நான் ஏதும் குழப்பிப் போட்டனோ?

பழைய_சோக்கட்டி

இல்லைத் தங்கச்சி, நல்ல அறிகுறி. "ரெண்டு மைனஸ் பிளஸ்" எண்ட விதியில அவனுக்கு இப்ப பயம் வந்திட்டுது, அதால அது தேவையான இடத்திலயும் கைவிட்டிட்டான். முந்திச் சரி விழுந்ததும் விளங்கி எழுதினது இல்லை, விதி தற்செயலா இடத்துக்குப் பொருந்தினது.

லிஃப்டை இதுக்குப் பாவிக்க வேண்டாம், சரிவராது. கொப்பியில கீழ கீழ இப்பிடி எழுத விடுங்கோ: 4 − 2, 4 − 1, 4 − 0, பிறகு 4 − (−1), 4 − (−2), 4 − (−3). முதல் மூண்டுக்கும் விடை 2, 3, 4 எண்டு அவனே போடுவான். அதில நிப்பாட்டி, அடுத்த வரியில என்ன வரும் எண்டு நினைக்கிறாய் எண்டு கேட்டுப்போட்டு, டீச்சர் சொன்ன மாதிரி மூண்டு செக்கன் பேசாம இருங்கோ. என்ன சொன்னவன் எண்டு வந்து எழுதுங்கோ.